ஓக்லண்டில் அணிகள் போயின, பெர்க்லியில் லீக் போனது

பேஸ்பால் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு 2025 முதல் ஒரு குழப்பம் இருந்து வருகிறது. முப்பது அணிகளில் இருபத்தொன்பதின் பெயரில் ஊரோ மாநிலமோ இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் எதுவும் இல்லை. வெறும் ‘அத்லெட்டிக்ஸ்’. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லண்டில் 57 ஆண்டுகள் ஆடிய அணி அது.

கல்லூரி விளையாட்டிலும் இதே போன்ற ஒரு குழப்பம். பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் பசிபிக் கடலோரத்துப் பல்கலைக்கழகங்கள். 2024 முதல் இரண்டும் ‘அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில்’ ஆடுகின்றன. சாதாரண லீக் ஆட்டத்துக்கே மாணவர்கள் நாட்டின் மறுகோடிக்குப் பறக்க வேண்டியிருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் வளர்ந்த பிள்ளைகள் இந்த அணிகளின் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள். ‘நம் அணி ஏன் போனது, யாரைக் கேட்டுப் போனது?’ என்று அவர்கள் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அடிப்படையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓர் அணி யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகள் எல்லாம் மூடிய லீக்குகள். பேஸ்பாலில் 30 அணிகள், கூடைப்பந்தில் 30, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் 32. ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு சிற்றூர் அணிகூட வென்று வென்று மேல்நிலை லீக்குக்கு ஏறலாம், தோற்றால் கீழே இறங்கலாம். இங்கே அந்த ஏணியே கிடையாது. புதிய அணி வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள உரிமையாளர்கள் வாக்களித்து அனுமதிக்க வேண்டும்.

நமக்குப் பழகிய ஐ.பி.எல். போட்டியும் இந்த வகைதான். சென்னை சூப்பர் கிங்ஸ் என்ற பெயரில் சென்னை இருக்கலாம். ஆனால், சென்னையில் ஆடும் உரிமம் ஒரு நிறுவனத்தின் சொத்து. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே புனேவுக்குப் போனது. அந்த ஆண்டு கோப்பையும் கிடைத்தது. ஒரு பருவத்துக்கே அப்படித் தவித்தோம். ஓக்லண்டுக்கு நேர்ந்தது திரும்பி வராத பிரிவு.

மூடிய லீக்கிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. அணிகளின் எண்ணிக்கை குறைவு, அணி வேண்டும் என்று ஏங்கும் நகரங்கள் அதிகம். அதனால் அணி நகரத்தை நம்பி இருப்பதில்லை, நகரம்தான் அணியைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

2. ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிலப்பகுதி எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன் சம்மதம் இல்லாமல் வேறொரு அணி அங்கே குடியேறுவது மிகக் கடினம்.

3. அணி இடம்பெயரலாமா என்பதை மற்ற உரிமையாளர்களே முடிவு செய்கிறார்கள். ரசிகருக்கும் நகர மன்றத்துக்கும் அந்த அறையில் நாற்காலி இல்லை.

ஒரே நகரம், மூன்று பிரிவுகள்

2019 தொடங்கியபோது ஓக்லண்டில் மூன்று பெரிய அணிகள் இருந்தன. 2024 முடிவதற்குள் மூன்றும் போய்விட்டன. மூன்றையும் ஒரே காரணத்தில் அடைப்பது தவறு. போன விதம் வெவ்வேறு.

1. வாரியர்ஸ். 1971 முதல் ஓக்லண்டில் ஆடிய கூடைப்பந்து அணி. 1975, 2015, 2017, 2018 ஆண்டுகளின் கோப்பைகள் அங்கே இருந்தபோது வென்றவை. 2010-ல் ஜோ லேகப், பீட்டர் கூபர் தலைமையிலான குழு 45 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. பெரும்பாலும் தனியார் பணத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சேஸ் சென்டர் என்ற அரங்கத்தைக் கட்டி 2019-ல் அங்கே போனது. வளைகுடாவின் எதிர்க்கரை அது. ஓக்லண்டிலிருந்து ரயிலில் போய் ஆட்டம் பார்த்துத் திரும்பலாம். ஆனால் டிக்கெட் விலை பழைய ரசிகர்களில் பலருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. தூரத்தைவிடப் பெரிய பிரிவு அதுதான் என்பது என் கருத்து.

2. ரைடர்ஸ். இந்த அமெரிக்கக் கால்பந்து அணி இருமுறை ஊரை விட்டுப் போனது. 1982-ல் லாஸ் ஏஞ்சலஸ் போய் 1995-ல் திரும்பியது. திரும்பி வருவதற்காக நகரமும் மாவட்டமும் கடன் பத்திரம் வெளியிட்டு, கொலீசியம் மைதானத்தில் ஒரு பிரம்மாண்டமான மேலடுக்கைக் கட்டிக் கொடுத்தன. உரிமையாளர் ஆல் டேவிஸின் பெயரால் அதை ‘மவுண்ட் டேவிஸ்’ என்று ரசிகர்கள் அழைத்தார்கள். பேஸ்பால் பார்க்க வருவோருக்கு அதுவரை கண்ணுக்குத் தெரிந்த ஓக்லண்ட் குன்றுகளை அந்தக் கான்கிரீட் மறைத்துவிட்டது. பின்னர் நெவாடா மாநிலம் ஹோட்டல் வரியிலிருந்து 75 கோடி டாலர் தர முன்வந்தது. 2017 மார்ச்சில் லீக்கின் உரிமையாளர்கள் 31-க்கு 1 என்று வாக்களித்தார்கள். 2020 முதல் ரைடர்ஸ் லாஸ் வேகாஸ் அணி. அது போன பிறகும் மவுண்ட் டேவிஸ் கடனுக்கு ஓக்லண்ட் மக்கள் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

3. அத்லெட்டிக்ஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்ற இரண்டையும்விடச் சிக்கலானது இதுவே.

அத்லெட்டிக்ஸ்: இருபது ஆண்டு இழுபறி

1901-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, 1955-ல் கான்சஸ் சிட்டிக்குப் போய், 1968-ல் ஓக்லண்டுக்கு வந்த அணி இது. 1972, 1973, 1974 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. 1989-ல் அதே தொடரில் எதிர்க்கரை அணியான சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுடன் மோதியது. அக்டோபர் 17 அன்று மூன்றாம் ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது 6.9 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. இரு கரைகளையும் இணைக்கும் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது, ஓக்லண்டின் இரண்டடுக்கு நெடுஞ்சாலை இடிந்து பலர் இறந்தார்கள். பத்து நாள் கழித்துத் தொடர் மீண்டும் நடந்தது. நான்கு ஆட்டங்களையும் ஓக்லண்ட் வென்றது. துக்கத்தில் இருந்த இரு கரைக்கும் அந்த ஆட்டங்கள் என்னவாக இருந்தன என்பதை வெற்றிக் கணக்கு சொல்லாது.

2005-ல் அணி புதிய கைக்கு மாறியது. ஜான் ஃபிஷர் அதில் முக்கியப் பங்குதாரர். 1966-ல் திறந்த கொலீசியம் பழசாகிவிட்டது, புதிய மைதானம் தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே, யார் பணத்தில் என்பதே சண்டை. முதலில் ஃப்ரீமாண்டில் ஒரு திட்டம் வந்தது, 2009-ல் கைவிடப்பட்டது. அடுத்து சான் ஹோசே. அங்கே ஜயண்ட்ஸின் நிலப்பகுதி உரிமை குறுக்கே நின்றது. இதில் ஒரு வேதனையான பின்கதை உண்டு. 1990-ல் ஜயண்ட்ஸ் தெற்கே குடியேற நினைத்தபோது, அத்லெட்டிக்ஸின் அன்றைய உரிமையாளர் வால்டர் ஹாஸ் நல்லெண்ணத்தில் சாண்டா கிளாரா மாவட்டத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். 1992-ல் சான் ஹோசே வாக்காளர்கள் மைதானத் திட்டத்தை நிராகரித்தார்கள், ஜயண்ட்ஸ் போகவில்லை. விட்டுக்கொடுத்த உரிமை மட்டும் திரும்பி வரவில்லை.

பிறகு ஓக்லண்டில் லேனி கல்லூரி அருகே ஓர் இடம். 2017-ல் கல்லூரி நிர்வாகம் மறுத்தது. 2018-ல் துறைமுகப் பகுதியில் ஹோவர்டு டெர்மினல் திட்டம் வந்தது. மைதானம், வீடுகள், கடைகள் என எல்லாம் சேர்த்து 1,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். சுற்றுச்சூழல் அறிக்கையை நகர மன்றம் 2022-ல் ஏற்றது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நிலம் பார்த்துவிட்டதாக அணி அறிவித்தது. ஜூனில் நெவாடா 38 கோடி டாலர் வரையிலான பொதுப்பணத்துக்குச் சட்டம் இயற்றியது. நவம்பர் 16 அன்று முப்பது உரிமையாளர்களும் ஒருமனதாகச் சம்மதித்தார்கள்.

வளைகுடாப் பகுதி நாட்டின் பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் ஒன்று. லாஸ் வேகாஸ் மிகச் சிறியது. பெரியதை விட்டுச் சிறியதுக்குப் போக மற்ற 29 பேர் ஏன் ஒப்புக்கொண்டார்கள்? எனக்குத் தோன்றும் விடை இது: லீக் மேலும் அணிகளைச் சேர்க்க விரும்புகிறது, புதிதாக வருகிறவர் செலுத்தும் பெரும் நுழைவுக் கட்டணம் எல்லா உரிமையாளருக்கும் பிரியும். ஓக்லண்ட் அணியும் ஃபிளாரிடாவின் டாம்பா அணியும் சிக்கியிருந்த மைதானச் சிக்கல்கள் தீரும்வரை அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது என்று லீக் ஆணையர் ராப் மான்ஃபிரெட் சொல்லிவந்தார். முடிச்சு எப்படியாவது அவிழ வேண்டும் என்பதே அவர்கள் அக்கறை. இடம்பெயரும் கட்டணத்தைக்கூடத் தள்ளுபடி செய்தார்கள்.

2024 செப்டம்பர் 26 அன்று கொலீசியத்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்தார்கள். டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்று அணி விடைபெற்றது. 2025 முதல் மூன்று பருவங்கள் மேற்கு சாக்ரமெண்டோவில், சுமார் 14,000 பேர் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு மைதானத்தில் ஆட்டம். 2028-ல் லாஸ் வேகாஸ் மைதானம் திறக்க வேண்டும். இடைக்கால ஊரின் பெயரை ஏற்க அணி விரும்பவில்லை. புள்ளிப் பட்டியலில் ஊர் காணாமல் போனது அதனால்தான்.

காலியான கொலீசியத்தில் 2025 ஜூனில் கிரிக்கெட் நடந்தது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். மேஜர் லீக் கிரிக்கெட் பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ யூனிகார்ன்ஸ் அணிக்காக ஃபின் ஆலன் 51 பந்தில் 151 எடுத்தார். பத்தொன்பது சிக்சர்கள்.

‘கூட்டம் வரவில்லை, அதனால் போனார்கள்’ என்பது சரியா?

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். 2023-ல் முழுப் பருவத்துக்கும் வந்தவர்கள் 8,32,352 பேர். லீக்கிலேயே மிகக் குறைவு. எண் உண்மை. ஆனால் அந்த எண் எப்படி உருவானது என்பதைச் சொல்லாமல் அதை மட்டும் காட்டுவது அநியாயம்.

1. 2019-ல் அணி 97 ஆட்டங்களை வென்றது. அக்டோபரில் நடந்த ஒற்றை ஆட்டத் தகுதிச் சுற்றுக்கு 54,005 பேர் வந்தார்கள். ஊருக்கு ஆர்வம் இல்லை என்று அந்த இரவைப் பார்த்த யாரும் சொல்ல முடியாது.

2. அதன் பிறகு அணி பிரிக்கப்பட்டது. பெர்க்லியில் படித்து, அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆடி, ஓக்லண்டில் நட்சத்திரமான மார்கஸ் செமியனை 2020 பருவத்துக்குப் பின் போகவிட்டார்கள். 2022 மார்ச்சில் மேட் ஓல்சன் அட்லாண்டாவுக்கும் மேட் சாப்மன் டொரான்டோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். டிசம்பரில் ஷான் மர்ஃபி. 2023-ல் அணி 50 வெற்றி, 112 தோல்வி.

3. 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் தாங்களே ஏற்பாடு செய்து மைதானத்தை நிரப்பக் கிளம்பினார்கள். புறக்கணிப்புக்கு நேர் எதிரான போராட்டம் அது. 27,759 பேர் வந்தார்கள். ‘விற்றுவிடு’ என்று எழுதிய பச்சை டிசர்ட்டுகளோடு, அணியை உள்ளூர்க்காரர் ஒருவருக்கு விற்கச் சொல்லி முழங்கினார்கள். அதே நாளில்தான் நெவாடா மேலவை நிதிச் சட்டத்தை நிறைவேற்றியது.

வீரர்களை விற்று, வெளியேறப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே, காலி இருக்கைகளைக் காரணமாகக் காட்டுவதை நான் ஏற்க மறுக்கிறேன்.

நீதிமன்றம் ஏன் தடுக்கவில்லை?

அமெரிக்காவில் வலுவான ஏகபோகத் தடைச் சட்டம் இருக்கிறது. முப்பது நிறுவனங்கள் கூடி, யார் எங்கே தொழில் செய்யலாம் என்று சந்தையைப் பங்கு போட்டால் அது குற்றமாகும். பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு. 1922-ல் உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அணிகள் ரயிலில் ஊர் ஊராகப் போய் டிக்கெட் விற்று ஆடிய காலத்திலேயே அது விசித்திரமான தீர்ப்பு.

1972-ல் அதை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவர் கர்ட் ஃபிளட், ஓக்லண்டில் வளர்ந்த வீரர். தன்னைக் கேட்காமல் வேறோர் அணிக்கு மாற்றியதை எதிர்த்தார். விலக்கு முரணானது என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதை நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும் என்று விட்டுவிட்டது. 1998-ல் வந்த சட்டம் ஃபிளட்டின் பெயரைத் தாங்கியது. வீரர்களின் பணி தொடர்பான விலக்கை நீக்கியது. அணி இடம்பெயர்வு தொடர்பான விலக்கைத் தொடவில்லை.

அந்த இடைவெளியில்தான் சான் ஹோசே விழுந்தது. ஜயண்ட்ஸின் நிலப்பகுதி உரிமையை எதிர்த்து அந்நகரம் 2013-ல் வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 தொடக்கத்தில் நிராகரித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது.

மற்ற விளையாட்டுகளுக்கு இந்த விலக்கு இல்லை. ஆனால், அங்கே சட்டம் வேறு விதமாக வெட்டியது. 1982-ல் ரைடர்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போவதைத் தடுக்க முயன்ற லீக்தான் ஏகபோகச் சட்டத்தின்கீழ் தோற்றது. அப்போது ஓக்லண்ட் நகரம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. சாலை போடுவதற்கு நிலம் கையகப்படுத்துவது போல, உரிய விலை கொடுத்து அணியையே கையகப்படுத்துகிறோம் என்று நீதிமன்றம் போனது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982-ல் அந்த வாதத்தை அடியோடு தள்ளவில்லை. ஆனால், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாதிக்கும் என்று 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது.

பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் இல்லை என்பதால் சான் ஹோசே தோற்றது. கால்பந்து மாநிலங்களுக்கிடையிலான வணிகம் என்பதால் ஓக்லண்ட் தோற்றது. இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால் நெஞ்சு கொதிக்கிறது.

கல்லூரி அணி நகராது. லீக் நகரும்

பல்கலைக்கழகம் ஊரை விட்டுப் போக முடியாது. ஆகவே கல்லூரி அணி மட்டுமாவது நிரந்தரம் என்று ரசிகர்கள் நம்பினார்கள். பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் 1892 முதல் ‘பிக் கேம்’ என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மோதிவருகின்றன. வென்றவருக்குக் கோடரிதான் பரிசு. 1982 ஆட்டத்தின் கடைசி நொடிகளில், முடிந்துவிட்டது என்று எண்ணி ஸ்டான்ஃபோர்டின் இசைக்குழு மைதானத்துக்குள் இறங்கிவிட, பெர்க்லி வீரர்கள் பந்தைக் கை மாற்றி மாற்றி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஓடி 25-20 என்று வென்றார்கள். வளைகுடாப் பகுதியில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை அது.

இனி கூட்டமைப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். நாடு முழுவதற்கும் என்.சி.ஏ.ஏ. என்ற ஓர் அமைப்பு கல்லூரி விளையாட்டு விதிகளை வகுக்கிறது. அதன்கீழ் பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்த குழுக்கள் உண்டு. அட்டவணையும் ஒளிபரப்பு ஒப்பந்தமும் அந்தக் குழுக்களின் கையில். 1984 வரை கால்பந்து ஒளிபரப்பு உரிமையை என்.சி.ஏ.ஏ. மொத்தமாக வைத்திருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் சேர்ந்து தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அன்றிலிருந்து கூட்டமைப்பே வியாபாரி. அன்று விழுந்த விதை நாற்பது ஆண்டுகளில் மரமானது.

1915-ல் தொடங்கிய பசிபிக் கரைக் கூட்டமைப்பின் வழிவந்த ‘பேக்-12’ கூட்டமைப்பில்தான் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் இருந்தன. அது இப்படித்தான் சரிந்தது:

1. 2022 ஜூன் 30: தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகக் கிளையும் ‘பிக் டென்’ கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அந்த ஆண்டே பிக் டென் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் சந்தை போனதும் பேக்-12-இன் பேரம் பேசும் பலம் பாதியானது.

2. 2023 ஜூலை: கொலராடோ விலகியது.

3. 2023 ஆகஸ்ட் 4: ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் போயின. ஆரெகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகியவை ‘பிக்-12’ என்ற மற்றொரு கூட்டமைப்புக்கு.

4. எஞ்சியவை நான்கு. ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றன. பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் செப்டம்பர் 1 அன்று அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் இடம் பெற்றன.

அந்த இடத்துக்குக் கொடுத்த விலையைக் கவனிக்க வேண்டும். முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கில் 30 விழுக்காடு மட்டும். எட்டாம் ஆண்டு 70, ஒன்பதாம் ஆண்டு 75, அதன் பிறகே முழுப் பங்கு. அதாவது 2033-34 பருவம். இதற்கிடையே, கூட்டமைப்பின் பழைய உறுப்பினர்களான ஃபிளாரிடா ஸ்டேட், கிளெம்சன் தொடுத்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமாயின. விலகுவதற்கான கட்டணம் ஆண்டுதோறும் குறைந்து 2030-31-ல் 7.5 கோடி டாலருக்கு வந்துவிடும். பெர்க்லிக்கு முழுச் சோறு பரிமாறப்படும் நேரத்தில் பந்தியில் யார் இருப்பார்கள் என்பதே கேள்வி.

பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸ் கிளையும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். ஒன்று போனதால் மற்றதுக்கு நட்டம். ஆட்சிக்குழு தலையிட்டு, லாஸ் ஏஞ்சலஸ் கிளை பெர்க்லிக்கு மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று 2024-ல் முடிவு செய்தது. தொழில்முறை லீக்கில் ஓக்லண்டுக்குக் கிடைக்காத ஈடு இங்கே ஓரளவு கிடைத்தது. இரண்டுக்கும் மேலே பொதுமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைப்பு இருந்ததே அதற்குக் காரணம்.

மாணவர் கைக்குப் பணம் வந்த கதை

கூட்டமைப்புகள் கோடிகளில் புரளும்போது, ஆடும் மாணவருக்கு உதவித்தொகை மட்டும் போதுமா? இந்தக் கேள்வியை மூன்று வழக்குகளில் விசாரித்தவர் நீதிபதி கிளாடியா வில்கன். அவருடைய நீதிமன்றம் ஓக்லண்டில் இருக்கிறது.

1. 2014, ஓபேனன் வழக்கு: மாணவர்களின் பெயரையும் உருவத்தையும் விற்று மற்றவர்கள் சம்பாதிக்க, அவர்களுக்கு எதுவும் தரக்கூடாது என்ற விதியில் முதல் விரிசல்.

2. 2019, ஆல்ஸ்டன் வழக்கு: கல்வி சார்ந்த உதவிகளுக்கு உச்சவரம்பு விதிக்க முடியாது என்றார். 2021-ல் உச்ச நீதிமன்றம் 9-0 என்று அதை உறுதிசெய்தது. கலிஃபோர்னியா 2019-லேயே தனிச் சட்டம் போட்டிருந்தது. 2021 ஜூலை 1 முதல் நாடெங்கும் மாணவர்கள் விளம்பர ஒப்பந்தம் செய்ய முடிந்தது.

3. 2025 ஜூன் 6, ஹவுஸ் வழக்கின் சமரசம்: முந்தைய ஆண்டுகளின் இழப்புக்காக முன்னாள் மாணவர்களுக்குப் பத்தாண்டுகளில் 280 கோடி டாலர். இனிமேல் பல்கலைக்கழகமே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். 2025-26-க்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2.05 கோடி டாலர்.

இதோடு, பல்கலைக்கழகம் மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய விதியும் தளர்ந்து, 2024-ல் முற்றாகப் போனது. விளைவை பெர்க்லி ரசிகர்கள் ஃபெர்னாண்டோ மெண்டோசாவிடம் கண்டார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத இளைஞர். பெர்க்லி இடம் கொடுத்தது. 2024 பிக் கேமில் 98 கெஜம் அணியை நடத்திச் சென்று 24-21 என்று வெல்ல வைத்தார். அடுத்த பருவத்துக்கு இண்டியானா போனார். 2025-ன் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றார், 2026 ஜனவரியில் தேசியக் கோப்பையையும் வென்றார்.

அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெர்க்லியில் பட்டம் முடித்துவிட்டே போனார். பயிற்சியாளர்கள் எத்தனை காலமாக ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! மாணவருக்கு மட்டும் அந்த உரிமை மறுக்கப்பட்டதே அநீதி. ஆனால், ஒளிபரப்பில் 30 விழுக்காடு வாங்கும் பல்கலைக்கழகம், முழுப் பங்கு வாங்கும் பல்கலைக்கழகத்தோடு ஒரே உச்சவரம்புக்குள் போட்டியிட வேண்டியிருக்கிறது. நல்ல வீரரை வளர்த்து மற்றவருக்குக் கொடுக்கும் நாற்றங்காலாக அது ஆகிவிடும் ஆபத்து உண்மையானது.

அடி எங்கே விழும்?

கால்பந்துக்கு விழாது. நீச்சல், படகோட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தம் போன்றவற்றுக்கு விழும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்டான்ஃபோர்டுடன் தொடர்புடையவர்கள் 39 பதக்கம் வென்றார்கள், பெர்க்லிக்காரர்கள் 23. பல நாடுகள் வென்றதைவிட அதிகம். இந்த விளையாட்டுகள் தாங்களே சம்பாதிப்பதில்லை. பெருமளவு கால்பந்து வருமானத்தில் உயிர்வாழ்கின்றன. அந்த வருமானத்தில் இரண்டு கோடி டாலர் வீரர் சம்பளத்துக்குப் போனால், எது முதலில் வெட்டப்படும் என்று ஊகிக்க முடியும். ஸ்டான்ஃபோர்டு 2020-ல் பதினொரு விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. முன்னாள் மாணவர்கள் போராடிய பிறகு 2021 மே மாதம் பின்வாங்கியது. அத்தனை செல்வமுள்ள பல்கலைக்கழகத்தின் நிலையே அப்படி.

ரசிகர்கள் எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

மூன்று வழிகள் உலகில் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

1. பெயரும் வரலாறும் ஊருக்கே. 1996-ல் கிளீவ்லண்டின் அமெரிக்கக் கால்பந்து அணி பால்டிமோருக்குப் போனபோது, பெயரையும் நிறங்களையும் சாதனைகளையும் நகரம் விடாமல் வைத்துக்கொண்டது. சான் ஹோசேயின் எர்த்குவேக்ஸ் சாக்கர் அணி (நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம்) 2005 பருவத்துக்குப் பின் ஹூஸ்டன் போனபோதும் பெயர் சான் ஹோசேயிலேயே நின்றது, பின்னர் அதே பெயரில் புதிய அணி வந்தது. ஓக்லண்ட் இதைப் பெறவில்லை.

2. சட்டம். ஓக்லண்டின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினரும் 2025-ல் நகர மேயரானவருமான பார்பரா லீ, வெளியேறும் பேஸ்பால் அணி ஊருக்கு ஈடு தர வேண்டும், இல்லையேல் லீக் தன் விலக்கை இழக்க வேண்டும் என்று 2023-ல் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. உச்ச நீதிமன்றமே மனம் மாறினால் ஒழிய, 1922 தீர்ப்பின் பிடி தளர நாடாளுமன்றத்தைத் தவிர வழியில்லை.

3. ரசிகரே பங்குதாரர். விஸ்கான்சினில் ஒரு சிறு நகரத்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் 1923 முதல் பொதுமக்கள் பங்குடைமையில் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். யாராலும் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. லீக் இன்று வேறு எந்த அணிக்கும் அந்த அமைப்பை அனுமதிப்பதில்லை.

மூன்றாவது வழியின் ஒரு சிறு வடிவம் ஓக்லண்டில் முளைத்திருக்கிறது. பெரிய லீக்குக்கு வெளியே உள்ள பயனியர் லீக்கில் ‘ஓக்லண்ட் பாலர்ஸ்’ என்ற பேஸ்பால் அணி 2024-ல் ஆடத் தொடங்கியது. மேற்கு ஓக்லண்டின் ரைமண்டி பூங்காவைச் சீரமைத்து அங்கே ஆடுகிறது. ரசிகர்களுக்குப் பங்குகள் விற்றது, நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு ஓர் இடமும் தந்தது. தன் இரண்டாவது பருவத்திலேயே, 2025 செப்டம்பரில், லீக் கோப்பையை வென்றது. 1989-க்குப் பிறகு ஓக்லண்டின் பெயர் தாங்கிய ஒரு பேஸ்பால் அணி கோப்பை தூக்கியது அன்றுதான்.